பன்னிரண்டே காலுக்குத் திறந்த வழி

1. தந்தி

தந்தி திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு இருபதுக்கு வந்தது. டாக்டர் ஐயா ஆபரேஷனில் இருந்ததால் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். கொழும்பிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனி அனுப்பியிருந்தது. தங்கள் ஹெட் கிளார்க் ஞானதாஸ் இரண்டு காலும் செயலிழந்த நிலையில் புதன்கிழமை காலை தனி விமானத்தில் திருவனந்தபுரம் வருகிறார், ஸ்ட்ரெச்சரோடு வண்டி அனுப்பவும் என்று இருந்தது.

பாறசாலைக்குக் கிழக்கே வெள்ளறடை ரோட்டில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் அப்போது கம்பவுண்டர். மருந்து கலக்குவது, கட்டுப் போடுவது, ரிஜிஸ்டர் எழுதுவது எல்லாம் என் வேலை. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஊர்களில் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். தேதி என் டைரியில் இருக்கிறது. இதில் வரும் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் இங்கே வாழ்வதால் இந்தக் குறிப்பில் கிழமையும் நேரமும் மட்டும் சொல்கிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

டைரி பற்றி ஒரு வார்த்தை. பதினான்கு வயது முதல் எழுதுகிறேன். எந்த மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு எந்த வருடம் நின்றது, எந்தப் போதகர் எந்த மாதம் மாற்றலாகிப் போனார் எல்லாம் அதில் உண்டு. பிள்ளையின் பிறந்த நாள் மறந்துபோன தாய்மார்கூட என்னிடம்தான் கேட்டு வருவார்கள். நான் ஒரு நேரத்தைச் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளங்க இது தெரிந்திருக்க வேண்டும்.

"நம் ஆஸ்பத்திரிக்கு முதன்முதலில் விமானத்தில் வந்த நோயாளி" என்று ஞானதாஸைப் பற்றி ஆண்டு விழாக்களில் பேசுவார்கள். இந்த ஆண்டு விழா மலருக்கு அதைப் பற்றி எழுதும்படி கமிட்டி என்னைக் கேட்டது. எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது.

2. விமானத்தளத்தில்

ஞானதாஸுக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு வாரக் காய்ச்சல். எட்டாம் நாள் காலையில் எழப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தண்டுவடத்தில் வீக்கம், இளம் வயது, நல்ல கவனிப்பு இருந்தால் சில மாதங்களில் கால் திரும்ப வரலாம் என்று கொழும்பு டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். தோட்டத்தில் அவரைக் கவனிக்க ஆளில்லை. ஊரில் அக்கா உண்டு. எஸ்தர் டீச்சர், திருப்புறம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, திருமணம் செய்யாதவர். தாய் இறந்த பிறகு தம்பியை வளர்த்தது அவர்தான்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வேனில் புறப்பட்டோம். டிரைவர் குட்டப்பன், எஸ்தர் டீச்சர், நான். பத்து பத்துக்கு விமானம் இறங்கியது. ஒரு பக்கத்து சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சரைக் கட்டி வைத்திருந்தார்கள். நான்கு பேர் பிடித்து ஏணிப்படியில் சரித்து இறக்கும்போது டீச்சர் அழுகையை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"எக்கா, நீ கரையாதே," என்றார் ஞானதாஸ். "நம்ம ஊருல ஆரு பறந்திருக்கா, சொல்லு. நம்ம வலியப்பன் பனையில இருந்து விழுந்ததைத் தவிர?"

டீச்சர் சிரித்துக்கொண்டே அழுதார்.

"இங்க பாரு, கம்பவுண்டரே நீரும் பாரும். வலது பெருவிரலு. மேகத்துக்க மேல வெச்சு அசைஞ்சுது. நர்சும் கண்டா."

போர்வையின் நுனியை மட்டும் தூக்கிப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுளித்து முயன்றார். விரல் அசைந்தது. நெல்மணி அளவு. ஆனால் அசைந்தது.

கூட வந்த நர்ஸ் அதே விமானத்தில் திரும்ப வேண்டியவர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே ஆங்கிலத்தில், எல்லாம் கடிதத்தில் இருக்கிறது, உடனே டாக்டரிடம் கொடுங்கள் என்று சொல்லி ஒரு கவரைத் தந்தார். சிவப்பு அரக்கு முத்திரை. மேலே "மெடிக்கல் ஆபீசருக்கு" என்று எழுதியிருந்தது.

இங்கே நான் இரண்டு தப்பு செய்தேன்.

ஸ்ட்ரெச்சரில் வரும் ஆளை ஏற்றுக்கொள்ளும்போது போர்வையை விலக்கித் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். புண் உண்டா, குழாய் உண்டா, கட்டு இறுக்கமா. புதிதாகச் சேரும் டிரஸ்ஸர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் இது. அன்று சுற்றிலும் இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள், பக்கத்தில் அக்கா. வெட்கப்பட்டு விலக்கவில்லை. மூத்திரப் பாட்டில் தொங்காததால் குழாய் இல்லை என்று நானே முடிவு செய்தேன். குழாய் இருந்தது. விமானத்தில் சிந்தாமல் இருக்கப் பாட்டிலை எடுத்துவிட்டு, ரப்பர் கதீட்டரின் வாயில் கிளிப் போட்டுத் தொடையோடு பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

இரண்டாவது, கவர். டாக்டர் பெயருக்கு வரும் முத்திரைக் கடிதத்தைக் கம்பவுண்டர் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். ஒன்பது வருடமாக நான் பிரித்ததில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். கவரைப் பையில் வைத்து மூடினேன். பத்து ஐம்பதுக்கு வண்டி புறப்பட்டது.

3. உதியன்குளங்கரை

பன்னிரண்டு ஐந்துக்கு உதியன்குளங்கரையில் ரோட்டின் குறுக்கே ஒரு தென்னை மரம் கிடந்தது. காலையில் நாங்கள் போகும்போது இல்லை. ஒரு நாற்பது ஆட்கள், கொடிகள். குட்டப்பன் மலையாளி. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

கூட்டத்தின் முன்னால் நின்றது செல்லையன். வெள்ளறடையிலிருந்து மரச்சீனிக் கிழங்கு ஏற்றி வரும் மாட்டு வண்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் சபைதான்.

"எலே, ஆஸ்பத்திரி வண்டியாக்கும்! என்ன பாத்துட்டு நிக்குதிய? தூக்குங்கலே மரத்தை!"

எட்டுப் பேர் சேர்ந்து மரத்தின் நுனிப் பக்கத்தை ஓரமாகத் தள்ளினார்கள். வண்டி போகும் அளவுக்கு வழி கிடைத்தது. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டே கால். அதை நன்றாகப் பார்த்தேன். நான் எப்போதும் பார்ப்பவன்.

செல்லையன் ஜன்னலுக்கு வந்தார். "கம்பவுண்டரே, உள்ள ஆரு?"

"எஸ்தர் டீச்சருக்க தம்பி. கொழும்புல இருந்து பிளேன்ல வந்தாச்சு."

"பிளேன்லயா! எலே கேட்டியளா?" என்று திரும்பிச் சத்தமிட்டவர், குரலைத் தாழ்த்தினார். "உம்மைத்தான் காலம்பற முதல் நினைச்சிட்டிருந்தேன். எல்லைக் கமிஷனுக்க ஆபீசர் நெய்யாற்றின்கரை பங்களாவுல இன்னைக்கு நாலு மணி வரைதான் மனு வாங்குவாரு. நம்ம பய ஒருத்தன் எழுதினான். அதை வாசிச்சா எனக்க காளை சிரிக்கும். நீரு ஒருக்கப் பாரும்."

நான்கு தாள்களை நீட்டினார். ஜன்னலில் வைத்தே புரட்டினேன். தமிழ்ப் பள்ளிகள், தமிழ் ஆராதனை நடக்கும் கிறிஸ்தவக் கோவில்கள், அவை தொடங்கிய வருடங்கள். முதல் தாளிலேயே மூன்று வருடங்கள் தப்பு. ஒரு கோவில் கட்டி முடித்த வருடத்தைத் தொடங்கிய வருடமாகப் போட்டிருந்தான்.

"இதைக் குடுத்தா நம்மளைச் சிரிப்பானுவ," என்றேன்.

"அதுதானே சொல்லுதேன். உமக்க தலையில எல்லா வருசமும் உண்டு. ஆனா ஓய், உள்ள தீனக்காரன் கிடக்கான். அவன் எப்படி? சொகமில்லாம இருந்தா நீரு போவும். மனு கிடக்கட்டும்."

இதை அவர் சொன்னார். நான் இதை அழுத்தி எழுத வேண்டும். செல்லையன் என்னைப் போகச் சொன்னார்.

"சொகமா இருக்கான். கால் மணிக்கூறு போதும்," என்று சொல்லிக் கதவைத் திறந்து இறங்கினேன்.

"ஸாறே, வழி தொறந்நு. போகாம்," என்று கிளம்பச் சொன்னார் குட்டப்பன்.

"ஒரு சின்ன சோலி. இப்ப வாறேன்."

சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆட்கள். நான் ஒரு வருடத்தைச் சொல்வேன், "பாத்தியா, எப்படி நிக்குது மனுசனுக்கு!" என்று யாராவது சொல்வார்கள். ஒருவர் சாயா வாங்கி வந்தார். இன்னொருவர் தாள் நனையாமல் குடை பிடித்தார். பழைய தாள்களில் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று புதிதாகவே எழுதத் தொடங்கினேன். அதை யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு டீச்சர் வந்தார். "தலை வலிக்குதுங்கான்."

இரண்டு ஏ.பி.சி. மாத்திரை கொடுத்தனுப்பினேன்.

ஒன்று இருபதுக்கு மீண்டும் வந்தார். "முகமெல்லாம் செவந்து வருது. நெத்தியில வேர்வை ஒழுகுது. நீங்க வந்து பாருங்க."

"வண்டிக்குள்ள சூடாக்கும். ஜன்னலைத் தொறந்து விடுங்க டீச்சர். இப்ப முடிஞ்சிரும்."

மிதுன மாதம், மழைக்காலம். காலை முதல் தூறல் விட்டபாடில்லை. சூடு எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவனுக்கு மூத்திரப்பை நிறைந்தால் வயிற்றில் தெரியாது; தலைவலியாகவும் வியர்வையாகவும்தான் தெரியும். இதைப் பிறகு படித்தேன்.

"கம்பவுண்டரே!" என்று ஒரு முறை ஞானதாஸே வண்டியிலிருந்து கூப்பிட்டார். குரல் எனக்குக் கேட்டது. அப்போது நான் மூன்றாவது தாளில் இருந்தேன். எழுதிய வரியை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த வரியும் அப்படியே.

இரண்டு நாற்பத்தைந்துக்குக் கூட்டம் விலகியது. டீச்சர் நின்றார். ஒரு கையில் கிழிந்த கவர், மறு கையில் கடிதம். என் பையைத் திறந்து எடுத்திருந்தார்.

"டீச்சர், அது டாக்டருக்குள்ளது..."

"வருசமெல்லாம் நல்லா வாசிப்பீரே. இதையும் வாசியும்."

கடிதத்தில் ஆறு வரிகள். எட்டு நாற்பத்தைந்துக்குக் கிளிப் போடப்பட்டது. இறங்கியவுடன் திறக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் மூடியிருக்கக் கூடாது.

செல்லையன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போவும் ஓய், ஓடும்!" என்றார்.

போர்வையை விலக்கினேன். அடிவயிறு குடம் கவிழ்த்தாற்போல இருந்தது. அப்படி நிறைந்த பையைக் கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தித்தான் வடிய விட வேண்டும். எனக்குத் தெரியும். அப்படியும் அவசரத்தில் ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். முதலில் மூத்திரம் வந்தது. பிறகு இரத்தம் வந்தது.

"தலை இப்பம் லேசாயிட்டு," என்றார் ஞானதாஸ். "என்ன செய்தீரு? நல்ல கைராசி உமக்கு."

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4. ரிஜிஸ்டர்

மூன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். டாக்டர் ஐயா சோதித்துவிட்டு, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"உதியன்குளங்கரையில மரம் போட்டிருந்தாங்க ஐயா."

இது பொய்யில்லை என்று அந்த நொடியில் எனக்கே சொல்லிக்கொண்டேன். மரம் போட்டிருந்தார்கள்தான். பிறகு ரிஜிஸ்டரில் எழுதினேன்: "12.05 முதல் 2.55 வரை போராட்டக்காரர்களால் வழி அடைப்பு. 1.00 மணிக்குக் கிளிப் திறக்கப்பட்டது." இரண்டும் பொய். எழுத்து வழக்கம்போல அழகாக இருந்தது.

ஒன்பதாம் நாள் ஞானதாஸுக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. மூத்திரத்தில் சீழ். இடையில் ஒரு நல்ல வாரம் இருந்தது. அப்போது வலது காலின் மூன்று விரல்கள் அசைந்தன. "நான் நடந்து போய்த்தான் அந்த மரத்தைக் காணணும்," என்று சொல்வார். ஏழாவது வாரம் சிறுநீரகங்கள் நின்றுபோயின. வெள்ளிக்கிழமை காலை ஐந்து ஐந்துக்கு இறந்தார்.

குழாய் வைத்த யாருக்கும் தொற்று வரலாம், இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர் ஐயா. அவர் பெருந்தன்மையாகச் சொன்னதை நான் பல வருடம் மருந்தைப் போலச் சாப்பிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். செல்லையனைப் பிடித்தார்கள். நோயாளி வண்டியை மூன்று மணி நேரம் மறித்த குற்றம்.

எஸ்தர் டீச்சர் டாக்டர் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதினார், மரம் உடனே அகற்றப்பட்டது என்று. ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர் வேற மாதிரி சொல்லுறாங்களே. நீ என்ன சொல்லுதே?"

"தம்பி போன துக்கம் ஐயா. அவங்களுக்கு நேரம் தெரிஞ்சிருக்காது."

ஐயா ரிஜிஸ்டரை எடுத்து அந்த வரியைப் பார்த்தார். பிறகு, "செரி. உன் நேரம் தப்பாது," என்றார்.

குட்டப்பனையும் கேட்டார்கள். "எனிக்கு வாச்சில்ல ஸாறே," என்றார் அவர். அன்று சாயங்காலம் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். வழக்கமான சிரிப்பு இல்லை. மரியாதை மட்டும் இருந்தது.

செல்லையன் மூன்று வாரம் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகு வழக்கு நிற்கவில்லை, பெயர் நின்றுவிட்டது. "விமானத்துல வந்தவனை ரோட்டுல கிடத்திக் கொன்னவன்" என்று சந்தையில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். மலையாளம் பேசுகிறவர்கள் மட்டுமல்ல, எங்கள் ஆட்களும்தான் சொன்னார்கள். கோவிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் இடம் காலியாகவே கிடக்கும். நான் இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

அவர் ஊரைக் கூட்டி, "கம்பவுண்டர்தான் இருந்து எழுதினாரு" என்று சொல்லியிருக்கலாம். சாயாக்கடை பெஞ்சைச் சுற்றி நாற்பது பேர் நின்றார்களே. சிலர் சொல்லியும் பார்த்தார்கள். போராட்டக்காரன் போராட்டக்காரனுக்குச் சாட்சி சொல்கிறான் என்று தள்ளிவிட்டார்கள். என்னை நம்புவது எல்லோருக்கும் எளிதாக இருந்தது.

மனு நாலு மணிக்கு முன்பே பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஒரு வருடம்கூடத் தப்பில்லை. நவம்பர் முதல் தேதி எல்லை வந்தபோது விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்குப் போனது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன.

5. காளை மிதித்த கால்

எல்லை வந்த பிறகு ஒரு சனிக்கிழமை செல்லையன் டிரஸ்ஸிங் ரூமுக்கு வந்தார். காளை மிதித்துக் கால் விரல் நசுங்கியிருந்தது. வேறு ஆளில்லை. குனிந்து கழுவத் தொடங்கினேன்.

"நோவுதா அண்ணே?"

"காலா? இல்லை. ஓய், நான் மரத்தைத் தூக்க எத்தனை நிமிசம் ஆச்சு?" என்றார்.

"பத்து."

"ஓர்மை உண்டு!"

"உண்டு."

"உமக்க டைரியில எழுதினீரா?"

கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே, "எழுதியிருக்கேன்," என்றேன். உண்மை அது. ரிஜிஸ்டரில் பொய் எழுதிய அன்று இரவே டைரியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். என்னால் வேறு மாதிரி எழுத முடியவில்லை.

"அப்ப ஒண்ணு செய்யும். ஒரு ஞாயிறாழ்ச்ச, ஆராதனை முடிஞ்ச பொறவு, ஆளுகள் நிக்கும்போ அந்த ஒரு பக்கத்தை வாசியும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். உம்மை ஒண்ணும் சொல்லவும் மாட்டேன்."

"வாசிக்கேன்," என்றேன்.

மூன்று ஞாயிறு டைரியைத் துணிப்பையில் வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோனேன். மூன்று ஞாயிறும் வாசிக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன். நான்காவது ஞாயிறு கொண்டுபோகவில்லை. செல்லையன் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று என் பையைப் பார்ப்பார். பிறகு பார்ப்பதையும் விட்டார். அதன்பின் பதினொரு வருடம் இருந்தார். அவர் அடக்கத்துக்கு நான் போனேன். குழி மூடிய நேரத்தைக்கூடக் குறித்து வைத்தேன்.

எஸ்தர் டீச்சர் மருந்துக்கு வந்தால், ஜன்னலில் நான் நிற்கும் நேரமெல்லாம் வெளியே காத்திருப்பார். வேறு ஆள் வந்த பிறகுதான் சீட்டை நீட்டுவார். நான் ஓய்வு பெறும்வரை அப்படியே. அவரும் போய்விட்டார்.

6. இளம் கம்பவுண்டர்களுக்கும் நர்சுகளுக்கும்

எவ்வளவு கூட்டம் நின்றாலும் போர்வையை விலக்கிப் பார்த்த பிறகே ஆளை ஏற்றுங்கள். நோயாளியோடு வரும் கடிதம் யார் பெயருக்கு எழுதியிருந்தாலும் அது நோயாளிக்கானது. வழியில் தேவைப்பட்டால் பிரியுங்கள், திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்தை எல்லோரும் நம்பத் தொடங்கிவிட்டால் அன்று முதல் கூடுதலாகப் பயப்படுங்கள். தப்பு செய்வது இந்த வேலையில் உண்டு. கடிதத்தைப் பிரிக்காதது மட்டும் என் தப்பாக இருந்திருந்தால், தப்பு செய்த ஒரு கம்பவுண்டராகச் சாவேன்; நான் பொய்யும் எழுதினேன்.

செல்லையன் கேட்ட பக்கம் இது. கோவில் வாசலில் வாசித்திருக்க வேண்டியது. அவர் கேட்டும் நான் கொடுக்காமல் போனதை இங்கே அச்சில் வைக்கிறேன்.

"புதன். காலை முதல் தூறல். 10.10 விமானம். 10.50 புறப்பாடு. 12.05 உதியன்குளங்கரை, ரோட்டில் தென்னை மரம். செல்லையன் ஆட்களை வைத்து மரத்தை நீக்கினார். 12.15 வழி திறந்தது. செல்லையன் போகச் சொன்னார். குட்டப்பன் போகலாம் என்றார். நான் இறங்கினேன்."